செம்பின் பாதை – 11: யாரும் கலக்காத கலப்படம்

சென்ற வாரம் ஃபாரடேயோடு நிறுத்தினோம். 1831 அக்டோபர் 28-ஆம் தேதி, லண்டனுக்குக் கிழக்கே ஊலிச்சில், ராயல் சொசைட்டியின் பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே அவர் ஒரு செப்புத் தட்டைச் சுழற்றினார். தட்டு சுற்றிய வரையில் மின்னோட்டம் நிற்காமல் வந்தது. அதுவரை குடமாகவும் தவலையாகவும், காசாகவும் கப்பலின் அடித்தகடாகவும், அரசர்கள் தானம் எழுதிக் கொடுத்த ஏடாகவும் இருந்த செம்புக்கு அன்று ஒரு புதிய உத்தியோகம் கிடைத்தது.

அந்த உத்தியோகத்தில் அதன் குட்டு முதன்முதலாக வெளிப்பட்ட கதை இந்த வாரம்.

* * *

கிரீனிச் கரை, 1857

தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள கிழக்கு கிரீனிச்சில், கிளாஸ் எலியட் கம்பெனியின் முற்றத்தில், 1857 கோடையில் கேபிள் மலைமலையாகச் சுருட்டிக் கிடந்தது. அயர்லாந்தின் வாலென்ஷியாத் தீவிலிருந்து வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்து வரை, அட்லாண்டிக்கின் அடியில் போட வேண்டிய தந்திக் கேபிளில் பாதி அது. மறுபாதி லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பிர்க்கன்ஹெட்டில் நியூவால் கம்பெனியிடம் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து 2,500 கடல் மைல்.

வேலை முடிகிற நேரத்தில்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. வெளிப்புற இரும்புக் கம்பிகளை ஒரு கம்பெனி வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் முறுக்கியிருந்தது. நடுக்கடலில் இரண்டையும் இணைத்தால் ஒன்றின் முறுக்கை மற்றது அவிழ்த்துவிடும். ஒரு கேபிளுக்கு இரண்டு தகப்பன்மார் இருந்தால் இப்படித்தான்! இணைப்புக்கென்று தனியாக ஒரு சட்டம் செய்து சமாளித்தார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த தவறு அது. தெரியாதது உள்ளே இருந்தது.

கேபிளை அறுத்துப் பார்த்தால் நடுவில் ஏழு மெல்லிய செப்புக் கம்பிகள், ஒன்றைச் சுற்றி ஆறாக முறுக்கியவை. அவற்றின் மேல் மூன்று அடுக்கு கட்டாபெர்ச்சா. மலாயாக் காடுகளில் ஒரு மரத்தின் பாலை இறுக்கி எடுப்பது இது. வெந்நீரில் இளகும், குளிர்நீரில் கெட்டிப்படும், மின்சாரத்தை வெளியே விடாது. அதன் மேல் தார் தோய்த்த சணல், பிறகு இரும்புக் கம்பிக் கவசம்.

ஒரு கடல் மைலுக்கு 107 ராத்தல் செம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,500 மைலுக்கு ஏறத்தாழ 120 டன். ஏழு கம்பிகளையும் பிரித்து ஒரே கம்பியாக நீட்டினால் 17,500 கடல் மைல்.

ஏன் செம்பு? அதே காலத்தில் இந்தியாவில் டாக்டர் ஓஷானசி கல்கத்தாவையும் பம்பாயையும் சென்னையையும் தந்தியால் இணைத்தபோது தடித்த இரும்புக் கம்பியைத்தான் இழுத்துக் கட்டினார். தரையில் அது போதும். இரும்பு செம்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும் என்றாலும், கம்பியைத் தடிமனாக்கி அந்தக் குறையை ஈடுகட்டிவிடலாம். மரத்தூணுக்குக் கம்பியின் பருமன் ஒரு பொருட்டில்லை.

கடலுக்கடியில் அந்தச் சலுகை கிடையாது. கம்பி தடித்தால் கட்டாபெர்ச்சா தடிக்கும், அது தடித்தால் இரும்புக் கவசம் தடிக்கும், கப்பல் தாங்காது. இருந்த கேபிளுக்கே இரண்டு போர்க்கப்பல்கள் தேவைப்பட்டன. வெள்ளி, செம்பைவிடச் சற்றே நன்றாகக் கடத்தும். ஆனால் 120 டன் வெள்ளியைக் கடலில் போட எந்தக் கம்பெனியால் முடியும்? ஆக, மெல்லிய கம்பியாக இழுக்கவும் வளைக்கவும் முடிந்து, நன்றாகவும் கடத்தக்கூடிய செம்புதான் வழி.

ஒப்பந்தத்தில் கம்பியின் எடை இருந்தது. இழைகளின் எண்ணிக்கை இருந்தது. கட்டாபெர்ச்சா எத்தனை அடுக்கு என்பதும் இருந்தது.

எந்தச் செம்பு என்பது மட்டும் இல்லை.

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. செம்பு செம்புதானே! நம் ஊர்க் கன்னார் நிறத்தையும் தட்டும்போது எழும் ஓசையையும் வைத்துச் செம்பின் தரம் சொல்வார்கள். வேல்ஸில், ஸ்வான்சீயின் உலைக்காரர்கள் ஒரு சிறு துண்டைச் சம்மட்டியால் அடித்து, உடைத்து, உடைந்த இடத்தின் மணியையும் பட்டுப் போன்ற பளபளப்பையும் பார்த்துச் சொல்வார்கள். கண், காது, சம்மட்டி: பல ஆயிரம் ஆண்டுகளாகச் செம்புக்கு இந்த மூன்று பரீட்சைகள்தான். மூன்றிலும் தேறிய செம்புதான் கிரீனிச்சுக்கு வந்திருந்தது.

* * *

கால்வாயில் ஊறிய நூறு மைல்

இங்கே மூன்று ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

லண்டன் சிட்டி ரோடு அருகே, வார்ஃப் ரோட்டில் கட்டாபெர்ச்சா கம்பெனியின் ஆலை இருந்தது. பின்புறம் ரீஜண்ட் கால்வாயின் படகுத்துறை. கட்டாபெர்ச்சா பூசிய செப்புக் கம்பியைச் சுருள் சுருளாக, மொத்தம் நூறு மைல் நீளத்துக்கு, அந்த நீரில் ஊறவைத்துச் சோதிப்பார்கள். அங்கே ஒரு விநோதம் நடக்கிறது என்று ஃபாரடேயை அழைத்துக் காட்டினார்கள்.

ஒரு முனையில் மின்கலத்தை இணைத்துவிட்டு எடுத்த பிறகும், கம்பியிலிருந்து மின்சாரம் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருந்தது. அதே கம்பியை உலர்ந்த தரையில் விரித்தால் அப்படி வரவில்லை.

ஃபாரடேக்கு விளங்கிவிட்டது. உள்ளே செம்பு, வெளியே நீர், நடுவில் கட்டாபெர்ச்சா. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் லைடன் ஜாடிதான், நூறு மைல் நீளத்தில். மின்சாரம் அடுத்த முனைக்குப் போவதற்கு முன்னால் அந்த நீளம் முழுவதும் ஏற வேண்டும். அடுத்த சைகை போவதற்கு முன்னால் இறங்க வேண்டும். 1854 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷன் சொற்பொழிவில் இதை விளக்கினார்.

ஃபாரடே சொன்னதைக் கணக்காக மாற்றியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இளம் பேராசிரியர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தது இவரைத்தான். சைகைக்கு ஆகும் தாமதம் கேபிள் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றார். நீளம் 20 மடங்கானால் தாமதம் 400 மடங்கு.

அட்லாண்டிக் தந்திக் கம்பெனிக்கு இது வேப்பங்காயாக இருந்தது. 1856-ல் தொடங்கப்பட்ட அந்தக் கம்பெனி ஆயிரம் பவுண்டு பங்குகளாக 3,50,000 பவுண்டு திரட்டியிருந்தது. அதன் மின் நிபுணர் வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ், பிரைட்டன் நகரத்து அறுவை மருத்துவர். மின்சாரத்தைத் தானாகக் கற்றவர். தாம்சனின் வர்க்க விதியைத் தம் சோதனைகள் பொய்யாக்கிவிட்டன என்று 1856-ல் அறிவியல் சங்கக் கூட்டத்திலேயே அறிவித்தார். பருமனான கம்பி தேவையில்லை, அழுத்தமான மின்சாரம் கொடுத்தால் போதும் என்பது அவர் கட்சி. மெல்லிய கம்பி என்றால் செலவு குறைவு. எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டுமா?

அதே ஆண்டு டிசம்பரில் தாம்சனும் கம்பெனியின் இயக்குநர் ஆனார். ஆனால் அதற்குள் கம்பியின் அளவு முடிவாகி, ஒப்பந்தமும் போய்விட்டது.

* * *

கிளாஸ்கோவில் ஒரு சந்தேகம்

1857-ன் முற்பாதி. தாம்சன் தம் ஆய்வுக்கூடத்தில் கடல் கேபிளுக்கென்று செய்யப்பட்ட கம்பித் துண்டுகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் மின்தடையையும் அளந்துகொண்டிருந்தார். கணக்கை முடிக்க அவருக்குத் தேவைப்பட்டது செம்பின் மின்தடை என்ற ஒரே ஒரு எண். புத்தகத்தில் பார்த்துப் போட்டிருக்கலாம். அளந்தே போடுவோம் என்று உட்கார்ந்தார்.

எண்கள் ஒத்துவரவில்லை. ஒரே நீளம், ஒரே எடை. ஆனால் ஒரு துண்டு நன்றாகக் கடத்தியது, இன்னொன்று திணறியது.

முதலில் அவர் சந்தேகப்பட்டது செம்பை அல்ல. முறுக்கும்போது கம்பிக்கு ஏதோ ஆகியிருக்கலாம். சூடான கட்டாபெர்ச்சா பூசும்போது ஏதோ ஆகியிருக்கலாம். முறுக்கியதையும் முறுக்காததையும், பூசியதையும் பூசாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். வித்தியாசம் அதனால் இல்லை.

பிறகு துண்டுகளை வேறு விதமாகப் பிரித்து அடுக்கினார், எந்த ஆலையிலிருந்து வந்தது என்று பார்த்து. அடுக்கியதும் குழப்பம் தீர்ந்தது. ஓர் ஆலையின் கம்பிகள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. ஆலைக்கு ஆலைதான் வித்தியாசம். நல்லதற்கும் மோசமானதற்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஜூன் மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. சந்தையில் விற்கும் செம்பு வகைகளின் கடத்துதிறன் பற்றியது, சில பக்கங்கள்தான். அதன் பொருளைப் பங்குதாரர்களின் பாஷையில் சொன்னால் இப்படி: செம்பின் கடத்துதிறன் பாதியானால் மின்தடை இரட்டிப்பாகும். மின்தடை இரட்டித்தால் சைகையின் தாமதமும் இரட்டிக்கும். ஒரு நாளில் அனுப்பக்கூடிய சொற்கள் பாதியாகும், வருமானமும் பாதியாகும். அதே விலை, அதே எடை, அதே கப்பல்.

ஏமாற்றியவர் யாருமில்லை. கம்பி இழுத்தவர்கள் நல்ல செம்பு என்று நம்பித்தான் விற்றார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு, தட்டினால் ஒரே ஓசை.

ஆனால் கேபிளோ அநேகமாக முடிந்துவிட்டது. இந்தக் கேபிளில் எந்த மைல் நல்ல செம்பு, எந்த மைல் மட்டமானது என்று சொல்ல வழியில்லாமல், கலந்து முறுக்கிக் கப்பலேற்றினார்கள்.

* * *

98 சொற்கள், 16 மணி நேரம்

1857 ஆகஸ்டில் வாலென்ஷியாவிலிருந்து கிளம்பினார்கள். 11-ஆம் தேதி, முந்நூறு மைலுக்கு மேல் விட்ட பிறகு, கேபிள் அறுந்து இரண்டாயிரம் ஆள் ஆழத்தில் போய் விழுந்தது. இழந்ததை ஈடுசெய்யப் புதிதாகக் கேபிள் செய்ய வேண்டியிருந்தது. இந்த முறை தாம்சன் விடவில்லை. கடத்துதிறனைச் சோதித்துத் தேறிய செம்பை மட்டுமே எடுக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். ஒப்பந்தக்காரர்கள் முதலில் முரண்டு பிடித்தார்கள். அப்படி ஒரு நிபந்தனையை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. கடைசியில் இறங்கிவந்தார்கள். செம்பை மின்சாரத்தால் சோதித்து வாங்கும் வழக்கம் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

1858 ஜூனில் மறுபடி முயன்றார்கள். புயலில் அகமெம்னான் கப்பல் மூழ்கத் தெரிந்தது. கேபிள் மூன்று தடவை போயிற்று. ஜூலை 29-ஆம் தேதி நடு அட்லாண்டிக்கில் இரு கப்பல்களின் கேபிள்களையும் மீண்டும் இணைத்து, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே புறப்பட்டன. ஆகஸ்ட் 5-ஆம் தேதி இரண்டு முனைகளும் கரை சேர்ந்தன.

நியூயார்க் கொண்டாடிய கொண்டாட்டத்தில் வாணவேடிக்கைப் பொறி பட்டு நகர மண்டபத்தின் கோபுரமே தீப்பிடித்தது. மீந்த கேபிளைத் துண்டு போட்டு டிஃபனி நகைக்கடை ஞாபகப்பொருளாக விற்றது.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் வாழ்த்து அமெரிக்க ஜனாதிபதி புக்கனனுக்குப் போயிற்று. 98 சொற்கள். போய்ச் சேர ஆன நேரம் 16 மணி.

மணிக்கு ஆறு சொல்! அந்த வேகத்தில் இந்த அத்தியாயத்தை அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். பழி முழுவதையும் செம்பின் மேல் போட முடியாது. கட்டாபெர்ச்சாவில் ஓட்டைகள் இருந்தன, சைகைகளைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் மெல்லிய, பாதிக்குப் பாதி மட்டமான செம்புக் கம்பி அந்த மந்தத்தில் தன் பங்கைச் செய்தது.

அந்தச் சில வாரங்களில் கேபிள் உருப்படியாகச் செய்த காரியம் இந்தியாவைப் பற்றியது. 1857 கிளர்ச்சியை அடக்க உதவியாகக் கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளைக் கப்பலேற்றி அனுப்ப உத்தரவு போயிருந்தது. அதற்குள் கிளர்ச்சி அடங்கிவந்ததால் ஆகஸ்ட் 31-ஆம் தேதி லண்டனிலிருந்து கேபிள் வழியே இன்னொரு உத்தரவு: புறப்பட வேண்டாம். அதனால் அரசுக்கு மிச்சமானது 50,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். டெல்லியும் லக்னோவும் பட்ட பாடு ஒரு தந்திக் கம்பியின் வரவு செலவில் இப்படி ஒரு வரியாக முடிந்தது.

செப்டம்பர் முதல் நாளிலிருந்தே சைகைகள் தேய ஆரம்பித்தன. அக்டோபர் 20-ஆம் தேதிக்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. அத்தனை செம்பும் அதன் மேலிருந்த இரும்பும் கடலடியில் கிடந்தன.

* * *

யார் தலையில் கட்டுவது?

கைக்கு எட்டிய தலை ஒயிட்ஹவுஸுடையது. உடல்நலக் குறைவு என்று அவர் கப்பலில் ஏறவில்லை. அவருக்குப் பதிலாக அகமெம்னானில் போனவர் தாம்சன். கரைக்கு வந்த கேபிளில் ஒயிட்ஹவுஸ் தம்முடைய ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களை இணைத்தார். ஏறத்தாழ 2,000 வோல்ட் என்பது மதிப்பீடு. சைகை மந்தமாக வந்தது, அழுத்தத்தைக் கூட்டினார்; பலவீனமாக இருந்த கட்டாபெர்ச்சா மேலும் கெட்டது. தாம்சனின் கண்ணாடி கால்வனாமீட்டரோ சில மின்கலங்களின் மெல்லிய ஓட்டத்தையே பெரிதாக்கிக் காட்டியது. ஆகஸ்ட் நடுவிலேயே கம்பெனி ஒயிட்ஹவுஸை விலக்கிவிட்டது.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய தீர்ப்பு பல புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. சோதிக்காத செம்பை வாங்கியது கம்பெனி. ஆறே மாதத்தில் கேபிள் வேண்டும் என்று விரட்டியது கம்பெனி. கேபிளை வெயிலில் போட்டு, கட்டாபெர்ச்சா இளகி, செம்புக் கம்பி நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததும் கம்பெனிதான். ஒயிட்ஹவுஸ் கொன்றது ஏற்கெனவே படுக்கையில் இருந்த கேபிளை.

அடுத்த அடி இந்தியாவுக்கான கேபிளில் விழுந்தது. சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்கு, செங்கடலிலும் அரபிக்கடலிலும் 1859-60-ல் போட்ட கேபிள் துண்டு துண்டாகச் செத்தது. இதற்கு 8,00,000 பவுண்டு முதலீடு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பங்குதாரர்களுக்கு 50 ஆண்டுகள் வட்டி தருவதாக அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஆண்டுக்கு 36,000 பவுண்டு, செத்துப்போன கேபிளுக்கு.

தனியார் பணம் மூழ்கியபோது வந்தது அனுதாபம். கஜானா பணம் மூழ்கியதும் வந்தது விசாரணை.

வர்த்தக வாரியமும் அட்லாண்டிக் கம்பெனியும் சேர்ந்து எட்டுப் பேர் கொண்ட கூட்டுக் குழுவை அமைத்தன. தலைவர் கேப்டன் டக்ளஸ் கால்டன். வீட்ஸ்டோன், லாட்டிமர் கிளார்க், வார்லி போன்றவர்கள் உறுப்பினர்கள். 1859 டிசம்பரிலிருந்து 1860 செப்டம்பர் வரை லண்டனில் சாட்சிகளை விசாரித்தார்கள். 1861-ல் வந்த அறிக்கை சொன்ன கணக்கு இது: அதுவரை உலகில் போடப்பட்ட கடல் கேபிள் 11,000 மைலுக்கு மேல். வேலை செய்துகொண்டிருந்தவை 3,000 மைல் சொச்சம்.

அந்தக் குழுவின் முன் செம்புக்கும் ஒரு விசாரணை நடந்தது. அதை நடத்தியவரை இன்று இயற்பியல் மாணவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

* * *

கை நடுங்கும் மனிதர்

அகஸ்டஸ் மாத்திசன் 1831-ல் லண்டனில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது வந்த வலிப்பு அவருடைய வலக்கையில் ஆயுள் முழுவதும் ஒரு நடுக்கத்தை விட்டுச் சென்றது. இவன் வேறு எதற்கும் லாயக்கில்லை, விவசாயம் பார்க்கட்டும் என்று வீட்டில் முடிவுசெய்து ஒரு பண்ணைக்கு அனுப்பினார்கள். அங்கே மண்ணைப் பற்றி யோசிக்கப் போய் வேதியியல் பிடித்துக்கொண்டது. ஜெர்மனிக்குப் போனார். ஹைடல்பர்க்கில் புன்சனிடம் உலோகங்களைப் பிரித்தெடுக்கக் கற்றார், கிர்ச்சாஃபிடம் அவற்றின் கடத்துதிறனை அளக்கக் கற்றார். 1857-ல் லண்டன் திரும்பி, டாரிங்டன் பிளேஸில் சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார்.

குழு அவரிடம் கேட்டது இதைத்தான்: நல்ல செம்பையும் மட்டமான செம்பையும் பிரிப்பது எது? செம்போடு வேறு ஏதாவது உலோகம் சேர்த்தால் இன்னும் நன்றாகக் கடத்துமா?

மாத்திசன் தலைகீழாக ஆரம்பித்தார். முதலில் எதுவுமே கலக்காத செம்பைத் தயாரித்தார், மின்பகுப்பால் படியவைத்து, ஹைட்ரஜன் வாயுவில் உருக்கி, ஆக்சிஜன்கூட மிஞ்சாதபடி. அதைக் கம்பியாக இழுத்து அளந்து, 100 என்று வைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சுத்தமான செம்பில் வேண்டுமென்றே ஒவ்வொன்றாக அழுக்கைச் சேர்த்தார். ஆர்சனிக், பாஸ்பரஸ், இரும்பு, வெள்ளீயம், துத்தநாகம், வெள்ளி. ஒவ்வொரு தடவையும் உருக்கி, இழுத்து, அளந்தார்.

எல்லாமே கெடுத்தன. வெள்ளியைவிடக் கெடுதல் குறைவானது கிடையாது. ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் மகா பாதகர்கள். செம்பைவிட நன்றாகக் கடத்தும் செப்புக் கலவை ஒன்றுகூட இல்லை என்று 1860-ல் எழுதினார்.

அடுத்துச் சந்தையிலிருந்த செம்புகளை அதே தராசில் ஏற்றினார். ஆஸ்திரேலியாவின் பரா பரா சுரங்கச் செம்பு 88-க்கு மேல். ரஷ்யாவின் டெமிடாஃப் முத்திரைச் செம்பு 59. ஸ்பெயினின் ரியோ டின்டோ செம்பு?

பதினான்கு.

செம்பு என்ற பெயரில் விற்றது, செம்பின் நிறத்தில் இருந்தது, செம்பைப் போல அடிவாங்கியது. மின்சாரத்தின் கண்ணில் அது இரும்பைவிட மட்டம். காரணம் அதிலிருந்த கொஞ்சம் ஆர்சனிக்.

இத்தனை சிறிய அளவு எப்படி இவ்வளவு கெடுக்கிறது? மாத்திசன் காலத்தில் இதற்கு விடை கிடையாது. எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்படவே 1897 ஆயிற்று. சுத்தமான செம்பில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. வரிசையாக வைத்த தென்னந்தோப்பில் இருட்டிலும் நேராக ஓடிவிடலாம் அல்லவா, அப்படி எலெக்ட்ரான்கள் அவற்றினூடே தடங்கலின்றிப் போகின்றன. நடுநடுவே ஓர் ஆர்சனிக் அணு கோணலாக நின்றால் மோதித் திரும்புகின்றன. எடையில் சொற்பம் என்றாலும் எண்ணிக்கையில் அவை கோடானுகோடி.

சூடும் இதே கெடுதலைச் செய்கிறது. 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் செம்பின் கடத்துதிறன் ஏறக்குறைய 29 சதவீதம் இறங்குவதை மாத்திசன் அளந்தார். அழுக்கு தரும் தடை தனி, சூடு தரும் தடை தனி, மொத்தம் என்பது இரண்டின் கூட்டல் என்பதே இன்று பாடப்புத்தகத்தில் உள்ள மாத்திசன் விதி. இந்தக் கணக்குப்படி அட்லாண்டிக்கின் உறைகுளிர்த் தரை செம்புக் கம்பிக்குச் சொர்க்கம்.

அழுக்கு என்று சொல்லிவிட்டோமே, அது எல்லா இடத்திலும் அழுக்கல்ல. ரயில் எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்குச் செப்புத் தகடு போட்டவர்கள் ஆர்சனிக் கலந்த செம்பையே தேடி வாங்கினார்கள், சூட்டில் அது உறுதியாக நிற்கும் என்பதால். இன்று உங்கள் வீட்டு ஏசிக் குழாயின் செம்பில் பாஸ்பரஸ் இருக்கிறது. பற்றவைக்கும்போது இணைப்பு கெடாமலிருக்க வேண்டுமென்றே சேர்ப்பது. அந்தச் செம்பைக் கம்பியாக இழுத்து வயரிங் செய்தால் எலெக்ட்ரீஷியன் சண்டைக்கு வருவார். வயர் பெட்டியில் 99.97 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் டாரிங்டன் பிளேஸில் நடுங்கிய ஒரு கை இருக்கிறது.

* * *

எழுதப்பட்ட நிபந்தனை

1864-ல் கட்டாபெர்ச்சா கம்பெனியும் கிளாஸ் எலியட்டும் ஒன்றாயின. இனி செம்பு உள்ளே வருவதிலிருந்து கேபிள் வெளியே போவது வரை ஒரே பொறுப்பு. அடுத்த அட்லாண்டிக் கேபிள் முழுவதும் லண்டனிலேயே தயாரானது.

இம்முறை ஒரு கடல் மைலுக்குச் செம்பு 107 ராத்தல் அல்ல, 300. ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரியும் ஏறியது: செம்பின் கடத்துதிறன் சுத்தமான செம்பில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு சுருளும் சோதிக்கப்பட்டது. தேறாதது திரும்பிப் போனது.

1865-ல் நடுக்கடலில் அது அறுந்தது. 1866-ல் மறுபடி செய்து, தேம்ஸ் கரையில் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் ஏற்றிப்போனார்கள். ஜூலை 27-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தில் கரையேறியது. 1858-ல் மணிக்கு ஆறு சொல். இப்போது நிமிடத்துக்கு எட்டு.

அதன் பிறகு கேபிள் பைத்தியம் பிடித்தது. 1870-ல் செப்புக் கம்பி ஏடன் வழியாகப் பம்பாய்க்கு வந்தது. அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனது. எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: ஆர்சனிக் இல்லாத செம்பு, ஆயிரக்கணக்கான டன்.

அது எங்கே இருந்தது? அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் பூமியிலேயே சுத்தமாகக் கிடைத்தது; உலகத்துக்கே ஈடுகொடுக்கும் அளவுக்கு அல்ல. மற்ற இடங்களில் எடுத்த தாது எல்லாம் அழுக்கோடுதான் வந்தது. ஸ்வான்சீயின் உலைகள் அதை எத்தனை முறை உருக்கினாலும் கடைசித் துளி ஆர்சனிக் விட்டுப்போகவில்லை. நெருப்பின் வித்தை அதோடு முடிந்துவிட்டது.

மாத்திசன் தம் மேஜையில் சில பிடி சுத்தச் செம்பை மின்சாரத்தால் செய்துகாட்டியிருந்தார். அதையே டன் கணக்கில் செய்ய முடியும் என்று 1865-ல் காப்புரிமை எடுத்தவர் ஜேம்ஸ் எல்கிங்டன், பர்மிங்ஹாமில் கரண்டிக்கும் தட்டுக்கும் வெள்ளி முலாம் பூசிய குடும்பத்துக்காரர். வேல்ஸில், பெம்ப்ரியில் அவர் தொட்டிகளை அமைத்தார். ஒரு பக்கம் அழுக்குச் செம்பு கரைந்தது, மறுபக்கம் சுத்தச் செம்பு படிந்தது.

தொட்டியின் அடியில் ஒரு சேறும் தங்கியது. செம்பை விற்பதைவிட அந்தச் சேற்றை விற்பது லாபமாக இருந்த நாட்களும் பின்னால் வந்தன. அதில் அப்படி என்னதான் இருந்தது?

(தொடரும்)